250 கிராமுக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

(ஜெர்மனியில் வாழும் தமிழ்ப் பெற்றோர், ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி அறிவியல் சோதனைகளுக்கு எந்த ரிமோட் விமானத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். விடையைக் கடைசிவரை பொத்தி வைப்பது எனக்குப் பிடிக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன். எடை 250 கிராமுக்குள் இருக்கட்டும். கேமரா வேண்டாம். இறக்கை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். மோட்டாரை நிறுத்தினாலும் பதறாமல் சறுக்கி இறங்க வேண்டும். முடிந்தால் பிள்ளைகளே நுரைப்பலகையில் வெட்டி ஒட்டிச் செய்ததாக இருக்கட்டும். இதை மோட்டார் கிளைடர் என்பார்கள். நான்கு விசிறி ட்ரோனை நான் சிபாரிசு செய்யவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதி நேரம்.

ட்ரோன் மேல் எனக்குப் பகை கிடையாது. வயலைப் படமெடுக்கவும், நிரல் எழுதிப் பழகவும் அது அருமையான கருவி. ஆனால் 'ஒரு பொருள் எப்படிப் பறக்கிறது' என்ற கேள்வியோடு அதை அணுகினால் அது வாய் திறக்காது. ஒரு சோதனை செய்து பாருங்கள். ட்ரோனின் ஒரு கையில் மட்டும் 10 கிராம் எடையைக் கட்டிப் பறக்கவிடுங்கள். சாய வேண்டும் அல்லவா? சாயாது. உள்ளே இருக்கும் ஜைரோவும் சின்னக் கணினியும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிலையைப் பார்த்து, அந்தப் பக்க மோட்டாரைக் கொஞ்சம் வேகமாகச் சுழற்றிச் சரிசெய்துவிடும். பிள்ளை பார்க்க வேண்டிய இயற்பியலை எல்லாம் அந்தக் கணினியே பார்த்து முடித்துவிடுகிறது. இப்போது கடையில் விற்கும் சிறிய விமானங்கள் பலவற்றிலும் இதே 'தானாகச் சமன்செய்யும்' வசதி உண்டு. வாங்கினால், அதை அணைத்துவைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சோதனை என்றால் ஒன்றை மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், என்ன ஆனது என்று அளக்க வேண்டும். ஆகவே நமக்கு வேண்டிய விமானம், நாம் மாற்றுவதற்கு இடம் கொடுக்கிற விமானம். எடையை, எடை உட்காரும் இடத்தை, இறக்கையின் கோணத்தை, இறக்கையின் வடிவத்தை நம் கையால் மாற்ற முடிய வேண்டும். மாற்றினால் என்ன ஆகிறது என்பதை அது மறைக்காமல் காட்ட வேண்டும்.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் வாழும் நாட்டைவிட நல்ல இடம் கிடையாது. வடகிழக்கே அங்க்லாம் என்ற சிற்றூர். 1848இல் அங்கே பிறந்தவர் ஓட்டோ லிலியன்தால். மனிதன் கிளைடரில் திரும்பத் திரும்பப் பறக்க முடியும் என்று காட்டியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பறப்பதற்கு முன் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அவரும் தம்பி குஸ்டாவும் சுழலும் நீண்ட கை ஒன்றைச் செய்து, அதன் நுனியில் சின்னச் சின்ன இறக்கைத் துண்டுகளைப் பொருத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை, எவ்வளவு இழுவை என்று அளந்தார்கள். 1870களில் இந்த வேலை மும்முரமாக நடந்தது. தட்டையான பலகையைவிட லேசாக வளைந்த பலகை நன்றாகத் தூக்குகிறது என்பதை எண்களால் நிறுவினார்கள். அந்த அளவுகள் புத்தகமாக வந்தது 1889இல். அவர் பொட்ஸ்டாம் அருகே டெர்விட்ஸில் குன்றிலிருந்து பறக்கத் தொடங்கியது 1891இல். அளவு முந்தி, பறப்பு பிந்தி.

1894இல் அவர் 'நார்மால்செகல்அப்பராட்' என்ற கிளைடரைச் செய்து விற்கவே தொடங்கினார். இறக்கை 6.7 மீட்டர், எடை சுமார் 20 கிலோ. 1896 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஸ்டோல்ன் ஊரின் கோலன்பெர்க் குன்றில் விழுந்து, மறுநாள் பெர்லினில் இறந்தார். அந்தக் கிளைடரே கோளாறானது என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. ஜெர்மன் வானூர்தி, விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர், அதே மாதிரியில் ஒன்றைச் செய்து 2016இல் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்து பார்த்தது. நீளவாட்டில் நிலையானது, பறக்கத் தகுந்ததுதான் என்று தெரிந்தது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும் அளவு பேசுகிறது பாருங்கள்.

    

அடுத்து ரோன் மலைத்தொடரில் வாசர்குப்பே, 950 மீட்டர் உயரம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் மோட்டார் விமானத் தொழிலை முடக்கியது. மோட்டார் இல்லாவிட்டால் போகட்டும் என்று தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் கிளைடரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். 1920இல் முதல் போட்டி. ஆகன் மாணவர்களின் 'கறுப்புப் பிசாசு' என்ற கிளைடரில் வொல்ப்காங் கிளெம்பெரர் 1830 மீட்டர் போனார். இரண்டரை நிமிடம்கூட இல்லை. 1922 ஆகஸ்டில் ஹானோவர் மாணவர்களின் 'வாம்பயர்' ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அதே மாதத்தில் மூன்று மணி நேரத்தையும் தாண்டியது. இரண்டே ஆண்டு. மோட்டார் இருந்திருந்தால் இன்னும் பெரிய மோட்டார் போட்டுத் தீர்த்திருப்பார்கள். இல்லாததால் இழுவையை எங்கே குறைக்கலாம், இறக்கையை எவ்வளவு நீட்டலாம் என்று ஒவ்வொரு கிராமாக யோசிக்க வேண்டி வந்தது. நான் கிளைடரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம். மோட்டாரை நிறுத்திய நொடியிலிருந்துதான் விமானம் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.

சரி, நம் விமானத்துக்கு வருவோம். அந்த 250 கிராம் எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 என்ற விதி 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. எடை 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது பொம்மை வகையில் சேராத விமானத்தில் கேமரா இருந்தால், இயக்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் அந்தப் பதிவு பிரவுன்ஷ்வைக்கில் இருக்கும் லுஃப்ட்ஃபார்ட்-புண்டஸாம்ட் என்ற விமானப் போக்குவரத்து அலுவலகத்தின் கையில். ரிமோட்டைப் பிடிப்பவருக்குக் குறைந்தபட்ச வயது பொதுவாக 16. ஆனால் தானே செய்த, 250 கிராமுக்குக் குறைந்த விமானத்துக்கு அந்த வயது வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளையே சட்டப்படி ஓட்டலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளிலும் 250 கிராம் வரை 'நானோ' வகைதான். அங்கும் அளவு அதேதான்.

இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். ஒன்று, காப்பீடு. ஜெர்மன் வான் போக்குவரத்துச் சட்டப்படி எவ்வளவு சின்ன விமானமானாலும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். வீட்டில் இருக்கும் பொதுவான பொறுப்புக் காப்பீட்டில் இது அடங்கலாம், அடங்காமலும் போகலாம். பள்ளிக்கூடமோ சங்கமோ, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாவது, இடம். உயர வரம்பு 120 மீட்டர், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும், கூட்டத்தின் மேல் கூடாது. எந்த மைதானத்தில் தடை இருக்கிறது என்று அரசின் 'டிபுல்' வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்றால் பள்ளி விளையாட்டரங்கத்துக்குள் போய்விடுங்கள். கூரைக்குக் கீழே வான் சட்டம் வராது. காற்றும் வராது, சோதனைக்கு அது இரட்டிப்பு லாபம்.

விமானத்தின் உடம்பு எதனால் ஆனது என்பது பலரும் கவனிக்காத தேர்வு. பால்சா மரம் அழகு, ஒருமுறை மூக்குக் குத்தினால் ஒரு வாரம் ஒட்டவேண்டும். 3 அல்லது 6 மில்லிமீட்டர் நுரைப்பலகை போதும். டெப்ரோன் என்று கேட்டால் மாடல் கடையில் தருவார்கள். நம் ஊர் தெர்மோகோலின் நெருங்கிய உறவு, ஆனால் மணி மணியாக உதிராது. ஒட்டுவதற்குச் சாதாரணப் பசையை எடுத்துவிடாதீர்கள், பல பசைகளில் இருக்கும் கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். அதற்கென்றே 'ஊஹு போர்' என்ற பசை விற்கிறது. காலையில் உடைந்த இறக்கை மதியம் பறக்க வேண்டும். அதற்கு நுரையை விட்டால் வேறு வழியில்லை.

ரிமோட்டில் மூன்று சேனல் போதும்: மோட்டார், சுக்கான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு). இறக்கையின் இரு பக்கமும் லேசாக மேல்நோக்கி V போல நிமிர்ந்திருக்கட்டும். சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் தானே தூக்கி நிமிரும். சுக்கானைத் திருப்பினாலே விமானமும் சாய்ந்து திரும்பும். இதுவும் ஒருவகைத் தானியங்கிச் சமன்தான். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடியது, கத்தரிக்கோலால் மாற்றக்கூடியது. புரொப்பெல்லர் மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் விரலுக்கு நல்லது, மூக்குக் குத்தினாலும் மோட்டார் பிழைக்கும். மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் 'ஈஸிஸ்டார்' இந்த அமைப்பால்தான் பெயர் வாங்கியது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நல்ல விமானம். ஆனால் சுமார் 700 கிராம் வரும், பதிவு, வயது எல்லாம் கூடவே வரும். அதை மாடல் விமான கிளப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆசிரியர் ரிமோட்டும் மாணவர் ரிமோட்டும் இணைக்கும் வசதி உண்டு; பிள்ளை தடுமாறினால் பெரியவர் ஒரு சுவிட்சில் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வார். ஓய்வுபெற்ற முதியவர்கள் பலர் இப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் ஜெர்மன் பேச்சும் கூடவே திருந்தும்.

இனி சோதனைகள். முதல் நாள் மோட்டாரே வேண்டாம். அரங்கத்தில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாக, மெதுவாக விடுங்கள். 14 மீட்டர் போய்த் தரை தொட்டால் சறுக்கு விகிதம் ஏழு. பலமுறை விட்டுச் சராசரி எடுங்கள். பிறகு மூக்கில் எடை சேர்த்து, பின்னால் எடை சேர்த்துப் பாருங்கள். எடைக்கல் தேடி அலைய வேண்டாம். ஒரு செண்ட் நாணயம் 2.30 கிராம். யூரோ நாடுகள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுக்காக அச்சடித்துத் தந்த எடைக்கல் அது. ஈர்ப்பு மையம் பின்னால் போகப் போக விமானம் மூக்கைத் தூக்கித் தூக்கிக் குதிரை போலக் குதிக்கும்; முன்னால் போனால் அம்பு போல இறங்கும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றியவர்களுக்கு முச்சை (பட்டத்தைத் தாங்கும் நூல்கட்டு) கட்டத் தெரியும். மேல் நூலை ஒரு விரல் சுருக்கினால் பட்டம் காற்றுக்குக் காட்டும் கோணம் மாறி, பட்டத்தில் கட்டிய விண் கூவும் சுருதியே வேறாகிவிடும். சென்னை மொட்டைமாடியில் காற்றாடிக்குச் சூத்திரம் போட்டவர்களுக்கும் இது தெரியும். எலிவேட்டரை ஒரு மில்லிமீட்டர் திருகுவது அதே வேலைதான். தாத்தாவைக் கூட்டிவாருங்கள், அவர் சொல்வார்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை அடுத்தது. 200 கிராம் கிளைடர். ஈர்ப்பு மையத்திலேயே 20 ஒரு செண்ட் நாணயங்களை ஒட்டுங்கள். 46 கிராம் கூடி 246 ஆகும், சட்டத்துக்குள்ளேயே இருக்கிறோம். இப்போது பிள்ளைகளிடம் பந்தயம் கட்டச் சொல்லுங்கள்: கனமான விமானம் குறைந்த தூரம் போகுமா, அதே தூரமா? பெரியவர்கள்கூட 'குறைந்த தூரம்' என்றுதான் சொல்வார்கள். எடைக்கு ஏற்ற வேகத்தில் கையைவிட்டு அனுப்பினால் ஏறக்குறைய அதே தூரம்தான் போகும். ஆனால் சீக்கிரம் போய்விடும். எடை 23 சதவீதம் கூடினால் வேகம் அதன் வர்க்கமூலப்படி கூட வேண்டும்: சுமார் 11 சதவீதம். கைப்பேசியில் மெதுவான காணொளி எடுத்து, தரையில் மீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் அந்த 11 சதவீதத்தைக் கண்ணால் பிடிக்கலாம். பாடநூலில் இருக்கும் வர்க்கமூலக் குறி திடீரென்று உயிரோடு எழுந்து நிற்கும்.

மோட்டார் வந்த பிறகு ஆற்றல் கணக்கு. இரண்டு செல், 450 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி என்றால் 7.4 வோல்ட்டில் ஏறக்குறைய 12,000 ஜூல். 200 கிராம் விமானத்தை 40 மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்பது 78 ஜூல் மட்டும். ஆனால் 30 வாட்டில் 15 நொடி ஏறினால் பேட்டரி கொடுத்தது 450 ஜூல். மீதி எங்கே? மோட்டார் சூட்டில், புரொப்பெல்லர் கிளப்பிய சுழலில், இறக்கையின் இழுவையில். புரொப்பெல்லரை மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். உயரத்துக்குக் கைப்பேசியை ஏற்ற முடியாது, அதுவே பெரும்பாலும் 200 கிராம் வரும். ஓரிரண்டு கிராம் எடையுள்ள அழுத்த உணரி போதும். 40 மீட்டருக்குக் காற்றழுத்தம் சுமார் 5 ஹெக்டோபாஸ்கல் குறையும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வேலையைப் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து, தீப்பிடிக்காத பையில் வைத்துச் செய்ய வேண்டும். வீங்கிய பேட்டரிக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

கைப்பேசிக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் 'ஃபைஃபாக்ஸ்' என்ற செயலியை இலவசமாகக் கொடுத்தார்கள். கைப்பேசியின் உணரிகளை எல்லாம் ஆய்வுக்கூடக் கருவிகளாக்கிவிடும். கைப்பேசியைப் புல்லில் வைத்து, விமானத்தை ஒரே சீரான மோட்டார் வேகத்தில் அதற்கு மேலே ஓட்டுங்கள். நெருங்கும்போது ஒலி 411 ஹெர்ட்ஸ், விலகும்போது 389 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வித்தியாசம் 22, கூட்டுத்தொகை 800. ஒலியின் வேகம் 340ஐ இந்த விகிதத்தால் பெருக்கினால் நொடிக்கு 9.35 மீட்டர், மணிக்கு 34 கிலோமீட்டர் போல. ஆம்புலன்ஸ் படத்தைக் காட்டி டாப்ளர் விளைவு நடத்துகிறோமே, அதைத் தம் கையால் செய்த விமானத்தில் பிடித்த பிள்ளை இரவெல்லாம் தூங்காது.

கடைசியாக, கொஞ்சம் கடினமான ஒன்று. மேல்வகுப்புப் பிள்ளைகள் கவனியுங்கள். பெரிய விமானத்தின் இறக்கைக் குறுக்குவெட்டை அப்படியே சிறிதாக்கி நம் கிளைடருக்குப் போட்டால் நன்றாகப் பறக்குமா? பறக்காது. காற்றுக்கு அளவு தெரியும். ரெய்னால்ட்ஸ் எண் என்பது அந்த அளவுக்கான பெயர். தோராயமாக, நொடிக்கு மீட்டரில் வேகம், மில்லிமீட்டரில் இறக்கையின் அகலம், இரண்டையும் பெருக்கி 70ஆல் பெருக்குங்கள். நம் கிளைடர்: 6, 150, 70. விடை 63,000. பயணிகள் விமானத்துக்கு இது கோடிகளில் போகும். எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் என்ற ஜெர்மானியர் இந்தச் சின்ன எண்களின் உலகத்தைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து, மாடல் விமானத்தின் காற்றியக்கவியல் பற்றி 1942இல் ஒரு நூல் எழுதினார். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே தடித்த இறக்கை திடீரென்று சொதப்புகிறது, மெல்லிய வளைந்த தகடு அதை வென்றுவிடுகிறது என்று காட்டினார். லிலியன்தாலின் வளைந்த பலகை மறுபடி வந்துவிட்டது பாருங்கள். தடித்த இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய நூலையோ கம்பியையோ வைத்து, மேலே ஓடும் காற்றை வேண்டுமென்றே கலக்கிவிட்டால் அது மறுபடி இறக்கையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் என்பதும் அந்த ஆய்வுகளில் வந்தது. கரடுமுரடாக்கினால் இழுவை குறைகிறது! நம்பாத பிள்ளைதான் எனக்கு வேண்டும்.

ஏனென்றால் அதைச் சோதிக்க இரண்டு நுரை இறக்கைகள், ஒரு தையல் நூல், ஒரு விளையாட்டரங்கம் போதும். நூலை முன்விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டுவதா, 15 தள்ளியா, எவ்வளவு தடிமன் நூல், எந்த வேகத்திலிருந்து அது பயனில்லாமல் போகிறது என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். 1965இல் பத்திரிகையாளர் ஹென்ரி நன்னென் தொடங்கிய 'யூகெண்ட் ஃபோர்ஷ்ட்' என்ற இளையோர் அறிவியல் போட்டிக்கு இது முழுத் தகுதியுள்ள ஆய்வு. 21 வயது வரை சேரலாம். 14 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பதிவு செய்யக் கடைசி நாள் ஆண்டுதோறும் நவம்பர் 30. கோடை விடுமுறையிலேயே இறக்கையை வெட்டத் தொடங்கினால் இலையுதிர்காலத்துக்குள் அளவுகள் கையில் இருக்கும். நுரைப்பலகையும் ஒரு பை நிறைய ஒரு செண்ட் நாணயங்களும் கொண்டுவந்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டபடியே முன்வரிசை மேசைக்கு வாருங்கள், இறக்கையை வெட்டிக்கொண்டே பேசுவோம்.